ஜோடி சாருக்கு ஒரு சாட்சி

தன் கண்ணையே நம்பாத மனிதர் என்று உலகத்தில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஜோடி சார். அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கீழே சீட்டு எழுதுபவன் நான், மாடியில் லேப் அவர். இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு திரியும் உருண்டைக் கிருமிகள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அதனால்தான் அந்தப் பெயர்.

அவருடைய மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க முடியும். ஒற்றைக் கண் சமயத்தில் ஒன்றை இரண்டாகக் காட்டிவிடும் என்பது அவர் கட்சி. இன்னொருவர் குனிந்து பார்த்து, ஆமாம், ஜோடிதான் என்று சொல்லாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டார். வேறு ஆள் கிடைக்காத நாளெல்லாம் நான்தான் ஆள். பத்தொன்பது படி. தினம் ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கினால் கிருமி இல்லாமலே காய்ச்சல் வரும்.

ஒருமுறை கோர்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவரைத் தெருவில் மடக்கி மாடிக்கு அழைத்து வந்துவிட்டார். அரை நாள் குறுக்கு விசாரணையில் நொந்துபோயிருந்த மனிதர், குனிவதற்கு முன் அலுப்போடு கேட்டார்: "நான் எந்த பார்ட்டிக்கு சாட்சி, நைனா?"

அப்புறம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயசு. கழுத்தை மடக்க முடியவில்லை. டாக்டர் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து மாடிக்கு அனுப்பினார். காசநோய் என்றால் ஒரு மருந்து, ஜோடிக் கிருமி என்றால் வேறு மருந்து. தாமதித்தால் குழந்தை இல்லை.

படிக்கட்டின் கீழே நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் கூப்பிட மாட்டாரா என்று இருந்தது. அவர் கூப்பிடவில்லை. கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டோடு வேட்டி தடுக்க இறங்கி வந்து, என்னைத் தாண்டி டாக்டரிடம் போனார். சாட்சி யார் என்று டாக்டர் கேட்டார்.

"ஜோடிதான். இதுக்கு நான் ஒருத்தன் போதும் சார். பென்சிலின் போடுங்க."

குழந்தை பிழைத்தாள். பத்து நாள் கழித்து அவரிடம் கேட்டேன், என்னை ஏன் கூப்பிடவில்லை என்று. லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"உம் பொண்ணு உசுர குடிக்கறத உன்னியே பாக்க வுடுவனா? ஆனா நீ சொல்லாம கையெழுத்து போட்டுட்டு, மூணு நாளு தூங்கலப்பா."

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தப் படிகளை ஏறினேன். முட்டி தேய்ந்தே போய்விட்டது. ஆனால் அவர் கூப்பிடும்வரை கீழே காத்திருந்ததில்லை.