மூன்றாவது வரிசையில் யாரோ

“நிறுத்துங்க, நிறுத்துங்க!”

விஜய்ராஜ் மாஸ்டர் கையை உயர்த்தியதும் தொண்ணூறு பேரின் பாட்டு பாதி வரியில் அறுந்து நின்றது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, புளித்த மோரைக் குடித்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

“மூணாவது வரிசை. ஆம்பளைக் குரல். யாரோ ஒருத்தர் சுருதிக்குக் கீழயே நின்னு முனகுறாரு. பேரைச் சொல்லி யாரையும் நான் அவமானப்படுத்த மாட்டேன். யாருன்னு அவருக்கே தெரியும். புதன்கிழமை ஒத்திகைக்குள்ள திருத்திக்கிருங்க. கச்சேரிக்குப் பதினெட்டு நாள்தான் கெடக்கு.”

மூன்றாவது வரிசையின் நடுவில் நின்ற சுந்தரலிங்கத்துக்குக் காதுமடல் சுட்டது. நான்தான் அது, வேறு யார் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டார்.

தேனி வேளாண்மை அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். வயது ஐம்பத்திரண்டு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். போனில் அவர் ‘வணக்கம்’ என்றாலே எதிர்முனையில் இருப்பவர் எதற்கென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்பார். வருஷம் தவறாமல் வீரபாண்டி அம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்கும் குடும்பம். அவரை, ஊர்ச் சபைகளெல்லாம் ஒன்றுகூடி நடத்தும் கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்குள் இரண்டு வருஷம் முன்பு இழுத்துவிட்டது, அடுத்த மேஜையில் வேலை பார்க்கும் பிரின்சிதான். “இந்தக் குரலை வச்சுக்கிட்டு ஃபைல் புரட்டிக்கிட்டு இருக்கீகளே சார், பாவமில்லையா?” என்றாள்.

போனார். தொண்ணூறு குரல் மேலே எழும்ப, அடியில் தன் குரல் தரை மாதிரி கிடந்து அத்தனையையும் தாங்குவதை உணர்ந்தார். அன்றிலிருந்து மற்ற பதினோரு மாதமும் அவருக்கு டிசம்பருக்காகக் காத்திருக்கும் மாதங்களாகிவிட்டன. இதை மனைவி ராஜாத்தியிடம்கூடச் சொன்னதில்லை.

விலகிவிடலாமா என்று யோசித்தார். மனம் வரவில்லை. புதன்கிழமை ஒரு காரியம் செய்தார். வாயை மட்டும் அசைத்தார். சத்தம் துளியும் விடவில்லை.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் துள்ளிக் குதித்தார். “அற்புதம்! மூணாவது வரிசை சுத்தம்! திருத்திக்கிட்ட அந்த மனுசர் யாரோ, அவருக்குக் கோடி நன்றி!”

எல்லோரும் கைதட்டினார்கள். சுந்தரலிங்கமும் தட்டினார். தன் குரலுக்குத் தானே கருமாதி செய்ததுபோல் இருந்தது.

வாயசைப்பதென்று ஆனபின் அதைத் திருத்தமாகச் செய்ய வேண்டுமே! குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். ‘ஆ’வுக்கு நாலு விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. ‘ஓ’வுக்குப் புருவமும் கூடவே எழும்பியது. உச்சஸ்தாயி வருகிற இடத்தில் கழுத்து நரம்பைப் புடைக்க வைக்கவும் கற்றுக்கொண்டார்.

அதுவே வினையாகிவிட்டது. அடுத்த ஒத்திகையில் மாஸ்டர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

“எல்லாரும் சுந்தரலிங்கம் சார் வாயப் பாருங்க. வாயத் தொறக்குறதுன்னா இதான்! பல்லக் கடிச்சுக்கிட்டுப் பாடுறவுக பாத்துக் கத்துக்கங்க. சார், நீங்க முன்வரிசைக்கு வாங்க. நடு மைக்குக்கு நேரா நில்லுங்க.”

“இல்ல மாஸ்டர், நான் பின்னாடியே...”

“அடக்கமெல்லாம் வேணாம் சார். கர்ணன், நீங்களும் வாங்க. சூரியபிரகாஷ் சார், நீங்களுந்தான். உங்க ரெண்டு பேர் வாயும் நல்லாவே தொறக்குது.”

கர்ணனுக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டம். சூரியபிரகாஷ் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். மூவரும் மூன்றாவது வரிசையிலிருந்து இறங்கி, மைக் முன்னால் வந்து நின்றார்கள்.

மைக்குக்கு எதிரே ஊமையாக நிற்க சுந்தரலிங்கத்துக்குக் குலை நடுங்கியது. மறுநாள் அலுவலகத்தில் பிரின்சியிடம் தொண்டையைத் தடவிக் காட்டினார். “வலிக்குதும்மா. மாஸ்டர்ட்டச் சொல்லி என்னைய எங்கயாச்சும் பின்னால தள்ளிவிடச் சொல்லேன்.”

பிரின்சி பதறிப்போனாள். மாஸ்டரிடம் போகவில்லை. நேராக ராஜாத்திக்குப் போன் போட்டாள். “அக்கா, சாரை முன்வரிசையில நிறுத்தியிருக்காக. அந்தத் தொண்டை எங்களுக்கு வேணும். கொஞ்சம் பாத்துக்கங்க.”

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு செம்பு நிறைய மிளகுக் கஷாயம் காத்திருந்தது. ராஜாத்தி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆமாண்ணே, நடு மைக்கு! எல்லாரும் வந்துருங்க. வேன் ஒண்ணு பிடிச்சிருங்க.”

“யாரு ராஜாத்தி?”

“சுருளிப்பட்டியிலருந்து நம்ம ஆளுக பூராம் வாராக. பெரியண்ணன், அத்தாச்சி, சின்னமனூருச் சித்தி, எல்லாரும். பதினேழு பேரு.”

“அவ்வளவு பேரு எதுக்கு? தொண்ணூறு பேருக்குள்ள என் குரல் எங்கன கேக்கப்போகுது?”

ராஜாத்தி போனைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “எனக்குக் கேக்கும்.”

சுந்தரலிங்கம் கஷாயச் செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

அதன்பின் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கச்சேரியன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே, வழக்கமாக ஒத்திகை நடக்கும் அந்த மண்டபத்துக்குப் போய்விட்டார். மாஸ்டரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். மேடையேறாமல் கீழே நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். ராஜாத்தியிடம் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாஸ்டர் வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். “லோயர் கேம்ப்லயா? இன்னும் அங்கனயேவா நிக்கிறீக?”

போனை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். கடைசிப் பாட்டில் தனியாகப் பாடவேண்டியவர் குமுளியிலிருந்து வருகிறார். மலையடிவாரத்தில் சபரிமலை வண்டிகளுக்கு நடுவில் அவர் கார் சிக்கிக்கொண்டு ஒரு மணி நேரமாக நகரவில்லை.

“மாஸ்டர், நான் ஒரு விஷயம் சொல்லணும்.”

மாஸ்டர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் திடீரென்று வெளிச்சம் பரவியது. சுந்தரலிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சார்! கடவுளாப் பாத்து உங்கள அனுப்பியிருக்காரு. அந்த நாலு வரிய நீங்க, கர்ணன், சூரியபிரகாஷ் மூணு பேரும் சேந்து பாடிருங்க.”

“அய்யோ மாஸ்டர், நான் அதத்தான்...”

“முடியாதுன்னு மட்டும் சொல்லிறாதீக சார். என் மானம் உங்க கையில இருக்கு.”

கர்ணனும் சூரியபிரகாஷும் பக்கத்தில் வந்து நின்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் இருவர் முகமும் ஒரு கணம் வெளுத்தது. பிறகு கர்ணன் சுந்தரலிங்கத்தைப் பார்த்து, “நீங்கதான் இருக்கீகளே சார்” என்றார். சுந்தரலிங்கம் கர்ணனின் அகன்ற மார்பைப் பார்த்து நிம்மதியடைந்தார். இந்த மனுஷன் ஒருவர் பாடினால் போதும், நாம் வழக்கம்போல வாயை அசைத்துத் தப்பிவிடலாம்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. இரண்டாவது வரிசையை சுருளிப்பட்டிக்காரர்கள் முழுதாகப் பிடித்திருந்தார்கள். நடுவில் ராஜாத்தி, கல்யாணப் பட்டோடு. ஏழு பாட்டு நல்லபடியாகப் போயிற்று. எட்டாவதில் அந்த இடம் வந்தது. மற்றக் குரல்கள் எல்லாம் அலைபோல எழும்பி, மாஸ்டரின் கையசைவில் அடங்கின. கீபோர்டு ஸ்வரம் கொடுத்தது.

மூன்று வாய்கள் அகலமாகத் திறந்தன.

ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை.

கீபோர்டு மறுபடியும் அதே ஸ்வரத்தைக் கொடுத்தது. சுந்தரலிங்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். கர்ணனின் வாய் திறந்திருந்தது, புருவமும் ஏறியிருந்தது, நெற்றியில் வியர்வை. அந்தப் பக்கம் சூரியபிரகாஷுக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூவர் பார்வைகளும் மோதிக்கொண்டன. அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மாஸ்டரின் கை அந்தரத்திலேயே நின்றது. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். ராஜாத்தி மட்டும் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, இல்லாத குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கெட்டாலும் கெட்டுப்போகட்டும் என்று சுந்தரலிங்கம் மூச்சை இழுத்தார்.

“மலையோரம் விளக்கொன்று தெரியுதே...”

பதினெட்டு நாள் அடைத்துக் கிடந்த குரல் மைக்கில் இறங்கியபோது மேடைப் பலகை அதிர்ந்தது. இரண்டாவது வரியில் கர்ணன் பயந்து பயந்து ஒட்டிக்கொண்டார். மூன்றாவதில் சூரியபிரகாஷும் சேர்ந்தார். நாலாவது வரியில் மாஸ்டர் அழுதேவிட்டார். சுருளிப்பட்டி வரிசையிலிருந்து ஒரு விசில் பறந்தது. அது பெரியண்ணன் மனைவி அத்தாச்சி அடித்தது என்று பிறகு தெரிந்தது.

கூட்டம் கலைந்தபின் மேடையோரத்தில் சுந்தரலிங்கம் மாஸ்டரிடம் தலைகுனிந்து நின்றார். “அன்னைக்கு மூணாவது வரிசையில சுருதி விட்டது நான்தான் மாஸ்டர். அதுலருந்து நான் பாடவே இல்ல.”

“நீங்களா?” கர்ணன் அலறினார். “நான்ல என்னையச் சொன்னாருன்னு நெனச்சு வாய மூடிக்கிட்டேன்!”

“நானுந்தாங்க” என்றார் சூரியபிரகாஷ்.

மாஸ்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மூணு பேருமே இப்பப் பிசிறில்லாமத்தான பாடுனீக? அப்ப அந்த முனகல் யாரு? அன்னைக்கு என் காதுல நல்லா விழுந்துச்சே. புதன்கிழமை அந்தச் சத்தமே இல்லையே.”

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மண்டபக் காவலாளி வீரணன் திரும்பிப் பார்த்தார்.

“அது நம்ம தண்ணி மோட்டாருங்கய்யா. மூணாவது வரிசை நிக்கிற செவுத்துக்குப் பின்னாடிதான் கெடக்கு, பேரிங் போயி முனகிக்கிட்டு இருந்துச்சு. நீங்க சொல்ற புதனுக்கு மொத நாளு, செவ்வாக்கெழமைதான் கழட்டி ரிப்பேருக்குக் கொடுத்தேன்.”