அடாப்டர் ஆசாமியும் ஆடாத வளையமும்

மனிதர்களில் இரண்டு ரகம் உண்டு. பொருந்துகிற பொருளை வாங்குகிறவர்கள் ஒரு ரகம். பொருந்தாத பொருளை வாங்கி வந்து, அதைப் பொருத்துவதற்காக இன்னொரு பொருளை வாங்கி, அதுவும் பொருந்தாமல் போகும்போது கவலைப்படுவதற்குப் பதிலாக முகம் மலர்ந்து, மூன்றாவது பொருளைத் தேடிக் கிளம்புகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் பாட்டுக்கு நன்றாக இருக்கட்டும். இரண்டாவது ரகத்தில், கழுத்தில் கேமரா தொங்கும் உட்பிரிவு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இப்போது உங்கள் முன் நிறுத்தப் போகிறேன். அடாப்டர் ஆசாமி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒரு பிறந்தநாள் விழா என்று வையுங்கள். எல்லோரும் கேக்கைச் சுற்றி நிற்கிறார்கள், குழந்தை மெழுகுவர்த்தியை ஊதப் போகிறது, அப்பா தொண்டையைக் கனைக்கிறார். ஒரே ஒருவர் மட்டும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் எதையோ திருகிக்கொண்டு நிற்கிறார். நடந்தால் சட்டைப் பைக்குள் கிணுகிணுவென்று சத்தம் வருகிறது. "ஒரு நிமிஷம், ஊதிடாதீங்க" என்கிறார். குழந்தை ஊதிவிடுகிறது. மறுபடி கொளுத்தச் சொல்கிறார். அவர்தான்.

இவர் திருகுவது என்ன என்பதைத் தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். அவரைச் சொல்ல விட்டால் உங்கள் பேருந்து போய்விடும். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தன் கேமராவின் வாயைத் தன் இஷ்டத்துக்கு ஓர் அளவில் செய்து வைத்திருக்கிறான். மவுண்ட் என்பது அந்த வாய்தான். ஒருவன் கேமராவில் இன்னொருவன் லென்ஸ் உட்காராது. உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வியாபாரம் எப்படி நடக்கும்? பழைய கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு இடம் விட்டு லென்ஸ் சற்றுத் தள்ளியே நிற்கும். இப்போதைய மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. ஆகவே பழைய லென்ஸைக் கொண்டுவந்து மாட்டினால் நடுவில் கொஞ்சம் இடம் மீதியாகிறது. அந்த இடத்தை அடைக்கும் உலோக வளையம்தான் அடாப்டர். அதற்குள் கண்ணாடி இல்லை, மோட்டார் இல்லை, ஒன்றுமே இல்லை. வெறும் ஓட்டை. ஆசாமியின் வாழ்நாளில் பாதி அந்த ஓட்டை வழியாகத்தான் போயிருக்கிறது.

கேமராவோடு கம்பெனிக்காரன் கொடுத்த லென்ஸ் இவரிடம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மாட்டியவுடன் வேலை செய்யும், முகத்தைத் தானே கண்டுபிடிக்கும், தானே தெளிவாக்கும், கை நடுங்கினாலும் படம் நடுங்காது. அதனால்தான் அது அலமாரியில் காலுறைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், சொந்தக் காலில் நிற்காத பிள்ளையைப் பற்றிப் பேசுகிற அப்பா மாதிரி முகத்தைச் சுளிப்பார். எல்லாவற்றையும் அதுவே செய்துவிட்டால் அப்புறம் நமக்கு என்ன வேலை என்பார். பழைய லென்ஸுக்கு மட்டும் 'கேரக்டர்' உண்டாம். உள்ளே பூஞ்சை பிடித்திருந்தால் அது கேரக்டர். ஓரம் மங்கினால் கேரக்டர். வெயிலைப் பார்த்ததும் படம் முழுக்க வெளுத்துப் போனால் அது மிக உயர்ந்த கேரக்டர். படமே விழவில்லை என்றால் அந்த லென்ஸ் கொஞ்சம் பிடிவாதக்காரி, பழகப் பழகச் சரியாகும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதைப் படம் எடுக்கிறார்? சுவரை. சத்தியமாகச் சுவரைத்தான். லென்ஸின் நான்கு மூலையும் சமமாகத் தெளிகிறதா என்று பார்க்கச் செங்கல் சுவரைப் போல வேறு ஒன்று கிடையாதாம். எதிர்வீட்டுக்காரரின் சுவரை இவர் வாராவாரம் ஜன்னல் வழியாகக் குறிபார்த்துக்கொண்டிருக்க, சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, தன்னிடம் சொல்லத் தயங்குகிறார் என்று அந்த நல்ல மனிதர் நினைத்துவிட்டார். ஆளை வரவழைத்துச் சிமெண்டுப் பூச்சு பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார். அன்றைக்கு எங்கள் ஆசாமி சாப்பிடவில்லை.

எங்கள் ஆசாமி என்கிறேனே, ஆமாம், எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். என் மனைவியின் தங்கை கணவர். எனக்குச் சகலை. தொழில், பல் டாக்டர். இந்த நோய்க்கு இதைவிடத் தோதான தொழில் உலகத்தில் கிடையாது. நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் வாயில் பஞ்சும் குழாயும் இருக்கும்போது இவர் மவுண்டின் அகலத்தைப் பற்றி ஆரம்பிப்பார். எதிர்க்கேள்வி கேட்க முடியாத இப்படி ஒரு சபை வேறு யாருக்கு வாய்க்கும்? அவர்கள் "ஆ, ஆ" என்பதை இவர் ஆர்வம் என்று எடுத்துக்கொள்கிறார்.

இரண்டு ஆசாமிகள் சந்தித்துக்கொள்ளும் காட்சியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒருவர் எடுத்த படத்தை மற்றவர் பார்ப்பதே இல்லை. பூங்காவில் என் சகலையை இன்னொருவர் நெருங்கி, முகத்தைப் பார்க்காமல் கழுத்துக்குக் கீழேயே பார்த்து, "அதுல இதுவா?" என்றார். "இதுல அது" என்றார் சகலை. இருவர் கண்களும் கலங்கிவிட்டன. பூங்காவில் அன்றைக்குப் பூத்திருந்த பூக்களை இருவருமே பார்க்கவில்லை.

இதெல்லாம் அவர் சொந்த விஷயம், எனக்கென்ன என்று நானும் சும்மாதான் இருந்தேன். எங்கள் மாமியார் விஷயத்தில் கைவைத்தபோதுதான் எனக்கு வேகாளம் வந்தது.

மாமியாருக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவர் கப்பலில் என்ஜினியர். அடுத்தது என் மனைவி. மூன்றாமவர் கணக்குத் தணிக்கைக்காரர், ஊர் ஊராகப் போகிறவர். கடைக்குட்டி, ஆசாமியின் மனைவி. இந்த நான்கு பேரும் வளர்ந்த பிறகு ஒரே படத்தில் இருந்ததில்லை. கப்பல்காரர் கரைக்கு வந்தால் தணிக்கைக்காரர் ஊரில் இருக்க மாட்டார்; இருவரும் இருந்தால் என் மனைவிக்கு விடுமுறை கிடைக்காது. இந்த முறை எப்படியோ எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தார்கள். அதுவும் ஒரு காலைப் பொழுதுக்குத்தான். மதியத்துக்குள் மூத்தவர் விமானம் ஏறிக் கப்பலுக்குப் போயாக வேண்டும். மறுபடி எப்போது எல்லோரும் சேர்வார்களோ, சேரும்போது தான் இருப்போமோ, அந்த அம்மாளுக்கு அந்தக் கவலை. வாய்விட்டுச் சொல்லவில்லை. "அவன் கிளம்பறதுக்குள்ள நாலு பேரையும் வெச்சு ஒரே ஒரு படம் எடுத்துக் குடுங்க மாப்பிள்ளை, கூடத்துல மாட்டணும்" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னார்.

யாரிடம் சொன்னார் பாருங்கள்.

ஆசாமி முதலில் செய்தது, எல்லோருடைய போனையும் உள்ளே வைக்கச் சொன்னதுதான். போனில் எடுப்பது படமே இல்லை, அது ஒரு பதிவு என்றார். அப்புறம் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே மெத்தை போட்டு ஒரு பழைய லென்ஸ் படுத்திருந்தது. அதைச் செய்த கம்பெனியே எப்போதோ மூடிப்போய்விட்டதாம். அதை நேராக இவர் கேமராவில் மாட்ட வளையமே கிடையாதாம். ஆகவே லென்ஸுக்கு ஒரு வளையம், அந்த வளையத்துக்கு இன்னொரு வளையம், அதற்குப் பிறகு கேமரா. இந்த இரட்டை மாடி கொஞ்சம் ஆடியது. மயிரிழைதான். ஆனால் ஆடினால் மூலை போய்விடும் என்று சமையலறைக்குள் நுழைந்து, சாப்பாடு சுற்றுகிற வெள்ளிக் காகிதத்தில் ஒரு கீற்றைக் கத்தரித்து, வளையத்துக்கும் கேமராவுக்கும் நடுவில் செருகி, பலங்கொண்ட மட்டும் திருகினார். ஆட்டம் நின்றது. அந்த வளையம் அதற்குப் பிறகு எதற்குமே அசையவில்லை.

இங்கேதான் ஒரு சங்கதி. கேமராவின் வாய்க்குள் லென்ஸோடு பேசுவதற்கென்று பொடிப்பொடியாக உலோகப் புள்ளிகள் உண்டு. வெள்ளிக் காகிதம் போய் அந்தப் புள்ளிகளின் மேல் அப்பிக்கொண்டது. மின்சாரம் ஓடுகிற இடத்தில் உலோகக் காகிதத்தைத் திணித்தால் எந்தக் கேமரா சும்மா இருக்கும்? அது முரண்டு பிடித்தது. சோபாவில் நான்கு பிள்ளைகளும் நடுவில் அம்மாவுமாக உட்கார்ந்து, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்க, கேமராவின் முதுகில் ஒரு வாசகம் வந்து நின்றது. லென்ஸைச் சரியாகப் பொருத்தவும்.

அணைத்துப் போட்டார். மறுபடி அதே வாசகம். பாட்டரியைக் கழற்றிப் போட்டார். அதே வாசகம். சிரிப்புகள் வாடத் தொடங்கின. வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

மாமியார் எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். "சரியா பொருத்தலன்னு அதுவே சொல்லுதே மாப்பிள்ளை. கழட்டிட்டு, அதுக்குன்னு குடுத்ததையே போடுங்களேன்" என்றார்.

"கழட்ட வரலை அத்தை" என்றார் ஆசாமி. என்ன ஒரு பணிவு. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"என்னங்க இது, ஊர்ல இருக்கிற பல்லையெல்லாம் பிடுங்கறீங்க, இதைக் கழட்ட வரலையா" என்றார் மாமியார்.

பிறகு நடந்ததை முறையாகச் சொல்ல முடியாது. கப்பல்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். எத்தனையோ இறுகிய திருகுகளைப் பார்த்தவர், இது எந்த மூலைக்கு என்று அவருக்கு ஒரு அலட்சியம். தணிக்கைக்காரர் கேமராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என் மனைவி லென்ஸைப் பிடித்தாள். கடைக்குட்டி, புருஷன் மேல் இருந்த கோபத்தையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து மூத்த அண்ணன் தோளைப் பிடித்து இழுத்தாள். மாமியார் சமையலறையிலிருந்து பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து, பாட்டில் மூடியே இதற்குத் திறக்கும், இது திறக்காதா என்று தாமே மாட்டிக்கொண்டு நடுவில் புகுந்தார். ஆசாமி மட்டும் சுற்றிச்சுற்றி வந்து, "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சினார். "பயப்படாதீங்க மாப்ள, வலிக்காது" என்றார் கப்பல்காரர். தணிக்கைக்காரருக்கு அதில் சிரிப்பு பீறிட்டது. அவர் பிடி தளர்ந்தது. படக்கென்று ஒரு சத்தம். கேமரா ஒருவர் மடியில், லென்ஸ் ஒருவர் கையில், அம்மா உள்பட குடும்பம் மொத்தமும் சோபாவில் ஒருவர் மேல் ஒருவராக.

கழன்றது லென்ஸும் மேல் வளையமும்தான். கீழ் வளையம் கேமராவை விடவே இல்லை.

வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். மூத்தவர் சிரித்தபடியே பெட்டியைத் தூக்கினார், அம்மாவின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு இறங்கினார். வழியனுப்ப அவர் மனைவியும் கூடவே போனார். டாக்ஸி தெருமுனை திரும்பும் வரை மாமியார் கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். "பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார், யாரையும் பார்க்காமல். ஆசாமியைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த நல்ல நல்ல வார்த்தைகளெல்லாம் அந்த இடத்தில் உதவாமல் போயின. அவரும் வளையம் ஒட்டிய கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மாமியாரின் போன் ஒலித்தது. டாக்ஸியிலிருந்து மூத்த மருமகள் அனுப்பியிருந்தாள். போனை உள்ளே வைக்கச் சொன்னபோது தலையாட்டிவிட்டு வைக்காமலேயே இருந்தவள் அவள். படத்தில் எல்லோரும் சோபாவில் குவிந்து கிடந்தார்கள். கப்பல்காரர் வாய் காதுவரை கிழிந்திருந்தது. தணிக்கைக்காரர் கண்ணில் தண்ணீர். என் மனைவி லென்ஸைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். கடைக்குட்டி அண்ணன் தோளில் முகத்தைப் பதித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையுறையோடு அம்மா. மாமியார் விரலால் படத்தைப் பெரிதாக்கி, தலைகளை ஒருமுறை எண்ணினார். திரும்ப ஒருமுறை எண்ணினார். அப்புறம்தான் அழுதார்.

அந்தப் படம்தான் இப்போது கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. ஆசாமி வரும்போதெல்லாம் அதன் கிட்டே போய், மூக்கு இடிக்க நின்று பார்ப்பார். போன வாரம் அவரால் அடக்க முடியவில்லை.

"நல்லாதான் இருக்கு அத்தை. ஆனா ஓரத்துல பாருங்க, ஒரே மங்கல்."

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓரத்துல நீங்கதான் நிக்கிறீங்க மாப்பிள்ளை. அங்க மங்கினா பரவாயில்ல."

கதை இவ்வளவுதான். இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்து முடித்ததும் உங்கள் மனதில் முதலில் எழுந்த கேள்வி எது? கப்பல்காரர் விமானத்தைப் பிடித்தாரா என்றால், பிடித்தார், நீங்கள் நல்லவர், போய் வாருங்கள். அதை விட்டுவிட்டு, வெள்ளிக் காகிதத்துக்குப் பதில் சாதாரண டேப்பை ஒட்டியிருக்கலாமே, அது சரி, அந்த லென்ஸ் என்ன மவுண்ட், அந்தக் கீழ் வளையம் கடைசியில் எப்படிக் கழன்றது என்றெல்லாம் கேட்கத் தோன்றியிருந்தால், நான் அதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் மாமியார் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பேன், யாராவது ஒருவர் போனைக் கையிலேயே வைத்திருக்கட்டும் என்று.