பாஸ்வேர்டு என்ன சாமி?

திருச்செங்கோட்டுப் பக்கம் மலை மேல் இருப்பவரும் சாமி, மலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டரும் சாமி, மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பையனும் சாமி. யார் எதைப் பேசினாலும் வாக்கியத்தின் வாலில் ஒரு 'சாமி' ஒட்டிக்கொள்ளும். இது தெரியாத வெளியூர்க்காரன் சொதப்பியிருந்தால் மன்னிக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்த நான் சொதப்பியதைத்தான் எங்கள் வீட்டில் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போது நான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். (அப்பாவின் பார்வையில் அது வேலையே இல்லை, தட்டுவது.) என் தாய்மாமாவுக்கு போர்வெல் லாரிகள்.

"எந்த வண்டி எங்க போர் போடுதுன்னு நான் இங்கிருந்தே பாக்கோணும் மாப்ள. ஒரு வெப்சைட் பண்ணிக் காட்டு. காட்டிட்டயின்னா கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழு. இல்லாட்டி புது வண்டில ஏத்தி உட்டுருவேன், வடக்க போயி ராடு தூக்கு" என்றார். அப்பா இரண்டாவதற்கு மட்டும் தலையாட்டினார்.

வெப்சைட் கட்ட நான் எடுத்த ஃப்ரேம்வொர்க்கில் லாகினுக்கு வேண்டிய காம்பொனன்ட் எல்லாம் ரெடிமேடாகவே கிடைத்தன. ஒன்று 'நீங்கள் யார்' என்று கேட்கும். இன்னொன்று, பதில் சொன்னவரை ஞாபகம் வைத்துக்கொள்ளும். மூன்றாவதற்கு 'கார்டு', அதாவது காவலாளி, என்று பெயர். அது வாசலில் நின்றுகொண்டு, அடையாளம் சொல்லாமல் வருபவரை லாகின் பக்கத்துக்கு விரட்டும். ஒரு வீடியோவைப் பாதி பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காவல் பலமாக இருக்கட்டுமென்று ஒரு பக்கம் விடாமல் கார்டை நிறுத்தினேன். பலமுறை தப்பான பாஸ்வேர்டு போட்டால் கதவை அடைக்கும் காம்பொனன்ட் ஒன்று ஓசியில் கிடைத்தது. அதை விடுவேனா?

மாமாவுக்கு போன் போட்டு, "பாஸ்வேர்டு என்ன வெக்கட்டுங்க?" என்று கேட்டேன். "எதையாவது வையி சாமி" என்றார். கம்ப்ரசர் இரைச்சலில் என் காதில் விழுந்தது 'சாமி' மட்டும்தான். பக்தியான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அதையே வைத்தேன்.

புது லாரிக்குப் பூஜை போட்ட அன்றுதான் வெப்சைட்டுக்கும் வெள்ளோட்டம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்தபடி டிரைவர், சுற்றிலும் சொந்தபந்தம். வண்டியை முதலில் வெப்சைட்டில் ஏற்றிவிட்டுத்தான் ரோட்டில் ஏற்றுவேன் என்று மாமா அறிவித்துவிட்டார். நல்ல நேரம் முடியப்போகிறது.

ஆபீஸ் டிவியில் திறந்தேன். வெறும் வெள்ளைத் திரை, விட்டுவிட்டு வெட்டியது.

"என்ன மாப்ள, கண்ணடிக்குது?"

விஷயம் இதுதான். கார்டு எங்களை லாகின் பக்கத்துக்கு விரட்டியது. அங்கேயும் நான் ஒரு கார்டை நிறுத்தியிருந்தேன் அல்லவா? 'லாகின் பண்ணாமல் இங்கே வராதே' என்று அது மறுபடி லாகின் பக்கத்துக்கே விரட்டியது. (என் லேப்டாப்பில் இது தெரியவேயில்லை. காவல் போடும் முன்பே நான் உள்ளே போயிருந்தேன்.) இதை நான் விலாவாரியாக விளக்கினேன். அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"சாவிய உள்ள வெச்சு ஊட்டப் பூட்டிப்போட்ட."

வியர்க்க வியர்க்க லாகின் பக்கத்துக் காவலை எடுத்துவிட்டேன். பாஸ்வேர்டு போடும் பெட்டி வந்தது. மாமா ஒற்றை விரலோடு கீபோர்டின் முன் உட்கார்ந்தார்.

"பாஸ்வேர்டு என்ன சாமி?"

"ஆமாங்க மாமா."

"என்ன ஆமாங்க? பாஸ்வேர்டு என்னன்னு கேக்கறேன்."

"சாமிங்க மாமா."

"என்னைய எதுக்குச் சாமிங்கற? பாஸ்வேர்டச் சொல்லு சாமி!"

"நீங்களே சொல்லிட்டீங்க மாமா!"

"நான் எப்படா சொன்னேன்?"

பூசணிக்காய் டிரைவர் குறுக்கே வந்தார். "அண்ணா, சாமி கும்பிட்டுட்டு ஆரம்பிக்கச் சொல்றாப்லைங்க."

மாமா எழுந்து, மலை இருக்கும் திசையில் கையெடுத்துக் கும்பிட்டார். மொத்தக் கூட்டமும் கும்பிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கும்பிட்டேன். "கும்புட்டாச்சு. இப்பச் சொல்லு சாமி."

கடைசியில் ஒரு வழியாகப் புரிந்தது. புரிந்தவுடன் 'சாமி'க்கு ஆளாளுக்கு இங்கிலீஷ் எழுத்து சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு 'ஏ' போதும் என்றார் பெரியப்பா. கடைசி எழுத்து 'ஒய்' என்றாள் என் தங்கை. எந்த எழுத்தில் வைத்தேன் என்பது பதற்றத்தில் எனக்கே மறந்துவிட்டது. ஓசிக் காம்பொனன்ட் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவை அடைத்தது. டிவி முழுக்கச் சிவப்பு எழுத்து: 'நீங்கள் யாரென்று தெரியவில்லை. பிறகு வரவும்.'

"என்ற ஆபீசுல உக்காந்துக்கிட்டு என்னையே யாருன்னு தெரியலீங்குதா!" என்று மாமா எகிறினார். அந்தச் சத்தத்தில் டிரைவரின் கை நழுவி, பூசணிக்காய் ஆபீஸ் வாசலிலேயே உடைந்தது. நல்ல நேரமும் முடிந்தது.

சாயங்காலம் துணிப்பையோடு என்னை லாரி ஏற்ற அப்பாவே அழைத்துப்போனார். மாமா படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"வேணாங்க மச்சான். இவன நம்பி வண்டி அனுப்பமுடியாது. ராட உள்ள உட்டுட்டு ஓட்டைய மூடிப்போட்டு வந்துருவான். கம்ப்யூட்டர்லயே கெடக்கட்டும்."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. இன்றைக்கும் அந்த வேலையில்தான் சோறு தின்கிறேன்.

மாமா வீட்டுக் கதவு மட்டும் எனக்குச் சும்மா திறக்காது. "யாருங்க?" என்பார் அத்தை. "நாந்தானுங்க அத்தை" என்றால் போதாது. "பாஸ்வேர்டு?" என்பார். நான் தெருவில் நின்று "சாமி!" என்று கத்தவேண்டும். போன வாரம் அப்படிக் கத்தியபோது எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஏனுங்க, கூப்புட்டீங்களா?" என்றார்.