துரைக்குச் சொன்ன லத்தீன் அர்த்தம்

பிரிஞ்சாங்

அன்பு மச்சான் மார்கஸுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். உன் அக்கா அற்புதம்மாள் தேவைக்கு அதிகமாகவே சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

குருமடத்தில் இரண்டு வருடம் நீ படித்த லத்தீனுக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. தோட்ட விளையாட்டு விழாவில் கயிறு இழுக்க, கொழுந்தெடுக்கும் பெண்கள் எட்டுப் பேர் ஒரு குழு அமைத்தார்கள். தலைவி உன் அக்கா. குழுவுக்குப் பெயர் கேட்டார்கள். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதிய, படித்த கிராணி நான் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்கள்? பெல்லாட்ரிசேஸ் என்று கொடுத்தேன். போர்வீராங்கனைகள் என்று அர்த்தம், ஒருத்தி என்றால் பெல்லாட்ரிக்ஸ், பலர் என்றால் பெல்லாட்ரிசேஸ் என்று இலக்கணமும் சொன்னேன். ஆண்பாலுக்குப் பெல்லாட்டோர் என்றேன், அதை ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. தானா ராத்தா டவுனில் கொடுத்துச் சிவப்பு ஜெர்சியில் அச்சடித்துக்கொண்டார்கள்.

கயிறு இழுத்து ஜெயித்ததோடு நின்றிருக்கலாம். தொழிலாளர் லயத்துக் குழாயில் மூன்று வாரமாகத் தண்ணீர் இல்லையென்று அதே ஜெர்சியோடு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மானேஜர் துரை யோகேந்திரன் என்னைக் கூப்பிட்டு, "என்னா மிஸ்டர் கொர்னேலியஸ், சட்டையில என்னா எழுதியிருக்கு?" என்றார். ரிட்டையரான பிறகும் நான் தோட்ட வீட்டில் குடியிருப்பது அவர் தயவில். "பக்தியுள்ள தாய்மார்கள்னு அர்த்தம் துரை" என்று சொல்லிவிட்டேன். மனிதர் உருகிப்போனார். "ஜெபம் பண்ணத்தான் உக்காந்திருக்காங்களா, பண்ணட்டும்லா" என்று உள்ளே போய்விட்டார். தண்ணீர் வரவில்லை. இப்போது அந்தப் பெயரை தோட்ட வாசல் வரவேற்புப் பலகையில் எழுதப்போகிறாராம், அர்த்தத்தை எழுத்தில் கொடு என்கிறார்.

உண்மையை எழுதினால் வீடு போகும். பொய்யை எழுதினால் உன் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். ஆகவே அந்தச் சொல்லுக்குப் பழைய காலத்தில் பக்தி என்ற பொருளும் உண்டென்று, உங்கள் கோவில் பெயர் அச்சடித்த தாளில் நாலு வரி எழுதி அனுப்பு.

பிள்ளைகளுக்கு என் ஆசீரும் முத்தமும்.

இப்படிக்கு,
கொர்னேலியஸ், கிராணி (ஓய்வு)

பி.கு.: அந்த நாலு வரியை எழுத வேண்டாம். தபாலில் சேர்ப்பதற்குள் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய், "துரை, இதுக்குச் சண்டைக்காரிங்கன்னு அர்த்தம். ஜெபமெல்லாம் ஞாயித்துக்கெழம பண்ணிக்குவோம்" என்றாளாம். சாயந்தரமே தண்ணீர் வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் அந்த ஆபீஸில் இந்த வாயை எதற்காக மூடி வைத்திருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. அவளிடமே கேட்டேன். "அத அப்புறம் யோசிங்க, கொடத்த எடுங்க" என்றாள். எடுத்துக்கொண்டு போகிறேன்.