எல்லாரும் முதலாளியான மளிகைக்கடை

அன்பு மச்சினன் ஆரோக்கியராஜுக்கு,

உன் அக்காள் புருஷன் சவுரியப்பன் எழுதிக்கொள்வது. ஓசூரில் நீயும் கேத்தரினும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அப்படி எழுத முடியாமல் செய்தது நம் ஊர்க் கூட்டுறவு மளிகைக்கடை.

ஊரிலிருந்த ஒரே மளிகைக்காரர் அரூருக்குப் போய்விட்ட பிறகு, உப்பு வாங்கவும் மொரப்பூருக்கு பஸ் ஏற வேண்டியிருந்ததால், ஊர்ச்சனம் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு இந்தக் கடையைத் திறந்தது உனக்குத் தெரியும். எல்லாரையும்விட அதிகப் பங்கு போட்டவன் நான். ‘எல்லாரும் உரிமையாளர், ஆளுக்கு ஒரே ஓட்டு, உள்ளூர் விளைச்சலுக்கு முதலிடம், தரத்தில் சமரசம் இல்லை’ என்று கொள்கைகளைச் சுவரில் எழுத பெயிண்ட் வாங்கிக் கொடுத்தவனும் நானே. அந்தச் சுவர் இப்போது என்னைப் பார்த்து இளிக்கிறது. போன வாரம் சர்க்கரை வாங்கப் போய் நேராகக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றால், மேனேஜர் நிர்மலா, “வரிசையில வாங்கண்ணா” என்கிறாள். “நான் இந்தக் கடைக்கு ஓனரும்மா” என்றேன். நூறுநாள் வேலையிலிருந்து மண்வெட்டியோடு வந்து நின்ற மாதம்மாள் திரும்பி, “நானுந்தானுங்க ஓனரு. எம்பின்னால நில்லுங்க” என்கிறது. அந்த வரிசையில் சிரிக்காத ஓனர் ஒருவரும் இல்லை.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். நம் தோட்டத்துப் புளியை மூட்டை கட்டிக் கொண்டுபோய் இறக்கினால், கொட்டை எடுக்காத புளி ஆகாது என்று தரக் கமிட்டி திருப்பிவிட்டது. அந்தக் கமிட்டிக்குத் தலைவி யார் தெரியுமா? சாட்சாத் உன் அக்காள் மதலேனம்மாள்தான். அன்று காலை அதே புளியில் ரசம் வைத்தவள். “வூட்டுக்கு ஆவுற புளி கடைக்கு ஆவாதாடி?” என்று கேட்டேன். “வூட்டுல கொட்டைய நான் எடுக்கறங்க. கடையில வாங்கறவங்களா எடுப்பாங்க?” என்று நாலு பேர் முன்னால் கேட்கிறாள். மூட்டையை நானே திரும்பத் தூக்கிவந்தேன். ஒரு ஓனரும் கை கொடுக்கவில்லை.

ஆத்திரம் தாங்காமல் பொதுக்கூட்டத்தில் எழுந்து, அதிகப் பங்கு போட்டவருக்கு அதிக ஓட்டு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். தூக்கிய ஒரே கை என்னுடையது. தினமும் என் செலவில் டீ குடிக்கிற நஞ்சப்பன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டான். அங்கேயே ராஜினாமா கொடுத்தேன். அதையும் அடுத்த கூட்டம் ஓட்டுப் போட்டுத்தான் ஏற்குமாம். ஒருவன் வேலையை விடலாம், ஊரை விடலாம், இந்தக் கடையை விட மட்டும் மாதம்மாள் சம்மதிக்க வேண்டும். ஆகவே மச்சினா, கொட்டையோடு புளி வாங்கும் வியாபாரி ஒருவரையும், உன் வீட்டில் எனக்கு ஓர் அறையையும் உடனே பார்த்து வை. உன் அக்காள் கமிட்டியோடு குடித்தனம் நடத்தட்டும்.

கேத்தரினுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். உங்கள் வீட்டில் எதற்கும் ஓட்டெடுப்பு வராமல் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் மாமா,
சவுரியப்பன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் கூட்டம் நடந்துவிட்டது. நஞ்சப்பன் எழுந்து, “அண்ணன் போயிட்டா புளிய வெளியூர் மண்டியில எடுத்துக்கலாங்க” என்றான். என் மரம் காய்த்துத் தொங்கும்போது வெளியூர்ப் புளியா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாதம்மாள், “அவரு கோவக்காரருங்க. ஆனா புளி நல்ல புளி. கொட்டை எடுக்க நாங்க நாலு பேரு வந்து குந்தறோம்” என்றது. என்னைப் போகவிடலாம் என்று எழுந்த முதல் கை உன் அக்காளுடையது. கேட்டால், “நீங்கதான கேட்டீங்க, குடுத்தேன்” என்கிறாள். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். “உங்க ஓட்டு இன்னும் வரலீங்களேண்ணா” என்றாள் நிர்மலா. யோசித்தேன். ராஜினாமாவை ஏற்கக் கூடாது என்று கையைத் தூக்கிவிட்டேன். ஒரே ஓட்டில் என் ராஜினாமா தோற்றது. அறை வேண்டாம்.