பிரார்த்தனை அறைக்கு ஒரு படம்

அன்று மருத்துவமனையின் பிரார்த்தனை அறையில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: ஓவியரான எங்கள் வீட்டு மருமகள், அவள் கணவன், அவள் மாமனார், முன்வரிசையில் மடியில் பெரிய உறைகளோடு உட்கார்ந்திருந்த மூன்று பெரியவர்கள். இல்லாதவர்கள்தாம் இன்றைக்கு அதிகம் பேசுகிறார்கள்.

எந்த மதத்தின் அடையாளமும் இருக்கக் கூடாது, ஆனால் பார்த்தவுடன் இறைநம்பிக்கை வர வேண்டும். நிர்வாகம் கேட்டது அதைத்தான். இந்த முதல் படம் மருத்துவர் குழுவுக்குப் பிடித்தால் அறை முழுவதற்கும் அவளே வரையலாம். பிடிக்காவிட்டால் வேறு ஓவியர். மாமனாரோ, வேலை கிடைத்துவிட்டது என்றே உறவில் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தார்.

கருநீலப் பரப்பில் பொன்னிற ஒளி வளைந்து மிதந்தது.

"எப்படிங்க இருக்கு?" என்று பணிவாகக் கேட்டாள் மருமகள்.

மூவரில் தடித்தவர் எழுந்து வந்து உற்றுப் பார்த்தார். "கிட்னி" என்றார்.

"இல்லீங்க, அது இறைவனோட அருள்..."

"எனக்கா தெரியாது? இதோ பாரு, ஓரத்துல கல்லு வேற."

"அது பெயின்ட் தெறிச்சதுங்க."

"ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தான் அலட்சியமா இருப்பாங்க."

கணவன் மெல்ல முணுமுணுத்தான். "இந்த டாக்டருங்க குழுவுல யாருப்பா தலைவர்? கேட்டுக்கிட்டு அவர் சொல்றத மட்டும் செய்யலாமே."

"வாயை மூடுடா. உக்காந்திருக்கற பெரியவங்களப் பாத்து நீங்க யாருன்னு கேக்கற வழக்கம் நம்ம குடும்பத்துல கிடையாது. மாத்திடும்மா" என்றார் மாமனார்.

வண்ணப் பெட்டி கையோடு வந்திருந்தது. பொன்னிற ஒளியிலிருந்து நாலாபக்கமும் சிவப்புக் கதிர்களை இழுத்துவிட்டாள். கிட்னி மறைந்தது.

ஒல்லியானவர் எழுந்து வந்தார். நெஞ்சில் கைவைத்தபடி நெடுநேரம் பார்த்தார்.

"அடைப்பு" என்றார்.

"என்னதுங்க?"

"ரத்தக்குழாய்ல அடைப்பு. இந்த இடத்துல பாரு, ரத்தம் போக வழியே இல்ல. பாக்கப் பாக்க எனக்கே படபடங்குது."

மருமகள் திரும்பினாள். "மாமா, இன்னொரு தடவை கை வெச்சா படமே போயிரும்."

"படம் போனா போகட்டும். பெரியவங்க பேச்சைத் தட்டினோம்னு பேரு வரக் கூடாது."

பற்களைக் கடித்துக்கொண்டு அகலமான தூரிகையை எடுத்தாள். நீலம், பொன், சிவப்பு எல்லாவற்றின் மேலும் வெள்ளையை அடித்தாள். மூலை முடுக்கு விடவில்லை. மாதக்கணக்கில் செய்த வேலை கண்ணெதிரே சுவராகிவிட்டது.

"பரிசுத்தம்!" என்றார் மாமனார். "இதுல எந்த உறுப்பைக் கண்டுபிடிக்கறாங்கன்னு பாத்துடலாம்."

மூன்றாமவர் கறுப்புக் கண்ணாடியைச் சற்றே உயர்த்தினார்.

"புரை" என்றார். "நல்லா முத்திப் போச்சு."

மருமகள் தூரிகையைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போன கணவன், போன வேகத்தில் திரும்பினான்.

"அப்பா, வெளியில அதுக்குள்ள பேச்சாயிடுச்சு. டாக்டருங்க மூணு பேரும் நம்ம படத்தைக் கழிச்சுட்டாங்களாம்."

யாருக்கும் குனிந்து பழகாத மாமனாரின் தலை தாழ்ந்தது. "இனி சொந்தக்காரங்க முகத்துல எப்படிடா முழிப்பேன்?"

அப்போது உள்ளே வந்த நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யாருங்க இப்படிப் புரளி கிளப்பறது? கமிட்டி டாக்டருங்க இன்னும் படத்தைப் பாக்கவே இல்ல, இப்பத்தான் கீழ லிஃப்ட்ல ஏறறாங்க" என்றவள் முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். "கிட்னி, ஹார்ட்டு, கண்ணு! ஆபரேஷனுக்கு பயமா இருக்கு, சாமி கும்பிட்டுட்டு வர்றோம்னு சொல்லிட்டு இங்க என்ன வேடிக்கை? எழுந்து வார்டுக்கு வாங்க!"