முன்மாதிரித் தெருவில் முழங்கால் தண்ணீர்

எங்கள் வார்டு மக்கள் ஓட்டுப் போட்டது என் மனைவிக்கு. ஆனால் ஜெயித்தது நான்தான் என்று ஏறத்தாழ ஒன்றரை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கலைவாணி இதைப் படித்துவிட்டு, கீழே ஒரு திருத்தம் போடச் சொல்வாள்.

திண்டிவனத்தில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. (எத்தனையாவது வார்டு என்று கேட்காதீர்கள். அடுத்த தேர்தல் வருகிறது.) கலைவாணி தையல் கடை வைத்திருந்தவள். தெருவில் பாதிப் பெண்களின் ரவிக்கை அளவு அவளுக்கு மனப்பாடம். அளவெடுக்கும்போது வீட்டுக் கஷ்டமும் காதில் விழும். அப்படிக் கேட்டுக் கேட்டே ஜெயித்தாள். நான் உரக்கடைக்காரன். அவள் பதவி ஏற்ற மறுநாளே கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆறு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டேன். (அவளிடம் இல்லை, வெளிக்கடையில். அவள் கூலி கேட்பாள்.) விசிட்டிங் கார்டும் அடித்தேன். அதில் "நகர்மன்ற உறுப்பினர்" என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். "கணவர்" என்பது எறும்பு எழுத்தில் இருக்கும். டீக்கடையில் யாராவது "வாங்க கவுன்சிலரே" என்று கூப்பிட்டால் திருத்த மாட்டேன். டீயை மட்டும் வாங்கிக்கொள்வேன்.

எங்கள் தெருக் கோடியில் தனம் வீடு. முன்பக்கம் இட்லிக் கடை, பின்பக்கம் குடும்பம். தெருவைவிட வீடு அரையடி பள்ளம். மூன்று தெருச் சாக்கடையும் அங்கே வந்துதான் மூச்சு வாங்கும். நல்ல மழை பெய்தால் நேராகத் தனம் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அவள் கட்டில் மேல் அடுப்பைத் தூக்கி வைத்து இட்லி ஊற்றியதை நானே பார்த்திருக்கிறேன். (சாப்பிட்டும் இருக்கிறேன். நல்லாத்தான் இருந்தது.) ஓட்டுக் கேட்கப் போனபோது கலைவாணி அவளுக்கு ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தாள்: வடிகால். அதற்காக எட்டு மாதம் மனு எழுதினாள். நகர்மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள். நகர்மன்றத் தலைவியம்மா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். கடைசியில் ஒரு வழி பிறந்தது. இந்த முறை ஒரு வடிகாலுக்குத்தான் அனுமதி. கேட்பதோ இரண்டு வார்டு, எங்களுடையதும் பக்கத்து வார்டும். விழுப்புரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இரண்டையும் பார்ப்பார். எது மோசமோ, அதற்கு வடிகால்.

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அதிகாரி வருகிற நாள் பார்த்துக் கலைவாணிக்குச் சென்னையில் பெண் கவுன்சிலர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி. பஸ் ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"ஏங்க, நாளைக்கு அந்த மேடம் வந்தா தனம் வீட்டாண்ட கூட்டிக்கினு போங்க. இருக்கிறத அப்படியே காட்டுங்க. தனம் பேசட்டும். நீங்க பேசாதீங்க."

"எனக்குத் தெரியாதா வாணி? நான் பாத்துக்கிறேன், நீ நிம்மதியா போய்ட்டு வா."

"அதான் பயமா இருக்குது," என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

திரும்பி வரும்போது தெருவைப் பார்த்தேன். சேறு, குப்பை, நடுவில் சொந்த வீட்டில் படுத்திருப்பதுபோல நாலு எருமை. எனக்குள் இருந்த கவுன்சிலர் விழித்துக்கொண்டார். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் நம் ஊரில் என்ன செய்வோம்? தெருவின் இரண்டு ஓரமும் ப்ளீச்சிங் பவுடர் கோடு போடுவோம். அமைச்சர் வந்தாலும் கோடு, ஆட்சியர் வந்தாலும் கோடு. எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கோடு போடாமல் ஓர் அதிகாரியை வரவேற்பது, சட்டை போடாமல் பெண் பார்க்கப் போவது மாதிரி. அந்த மேடம் தெருவைப் பார்த்து மூக்கைப் பொத்தினால் மானம் போவது யாருக்கு? கவுன்சிலருக்கு. அதாவது எனக்கு.

அன்று மதியமே ஆரம்பித்தேன். கோட்டோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். என்னிடம் உரம் வாங்கும் கூட்டேரிப்பட்டு விவசாயி ஒருவர் டிராக்டரோடு வந்து சேற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். சாக்கடை மேல் பலகை பரப்பி, அதன் மேல் ஷாமியானாக் கடையிலிருந்து பச்சைக் கம்பளம் வாங்கி விரித்தேன். கம்பளத்தின் மேல் வரிசையாக ரோஜாத் தொட்டிகள். முனையில் இரண்டு வாழை மரம். "வருக வருக" என்று ஒரு பேனர். அதில் அதிகாரியின் பெயர் சின்னதாக, என் படம் பெரிதாக. எருமைகளைப் பக்கத்து வார்டுக்கு ஓட்டிவிட்டேன்.

மிச்சம் இருந்தது தனம் வீட்டு வெளிச்சுவர். போன மழையில் நின்ற தண்ணீர் அதில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. சுண்ணாம்பு வாளியோடு போனேன்.

"இன்னா அண்ணே பண்றீங்க?" என்று தனம் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"வெள்ளை அடிக்கிறேன் தனம்."

"ஐய, அந்தக் கோடு இருக்கட்டுண்ணே. அந்தம்மா வந்தா அதத்தான் காட்டலாம்னு இருக்கேன். தண்ணி உள்ள வந்துதுன்றதுக்கு அதான சாட்சி?"

"பாக்க அசிங்கமா இருக்குதும்மா."

"அசிங்கமா இருக்குதுன்னுதான வடிகாலு கேக்குறோம்?"

இதைவிடத் தெளிவாக எந்த அரசாணையிலும் எதுவும் எழுதப்பட்டதில்லை. நான் இரண்டு தடவை வெள்ளை அடித்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஃபைல், காலில் புதுச் செருப்பு. சால்வை போர்த்தினேன். இளநீர் கொடுத்தேன். அவர் தெருவை மேலும் கீழும் பார்த்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். ப்ளீச்சிங் பவுடர் நெடியில் இரண்டு தும்மல் வந்தது; வேறு வாசனை எதுவும் வரவில்லை.

"தெருவ ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சார்," என்றார்.

அந்த "சார்"தான் என்னைக் கெடுத்தது. என் வாழ்க்கையில் அதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் கடன் அட்டை விற்கப் போன் பண்ணுகிறவர்கள் மட்டும்தான்.

"மழை பெஞ்சா இங்க தண்ணி நிக்கும்னு மனுவுல எழுதியிருக்கே. நிக்குமா?"

"ஆமாம்" என்றால் போதும். எட்டு மாத மனுவுக்கு மூன்றே எழுத்தில் பலன். ஆனால் என் வாய் சொன்னது: "ஒரு சொட்டு நிக்காது மேடம். நான் இருக்கும்போது நிக்க வுட்டுடுவேனா?"

பேனருக்குப் பின்னாலிருந்து தனம் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "மேடம், மேடம், நான் இன்னா சொல்றேன்னா..."

"தனம், மேடத்துக்கு இன்னொரு இளநீ எடுத்தாம்மா, ஜல்தி!"

அவள் தயங்கினாள். நான் கண்ணைக் காட்டினேன். போனாள். அவள் திரும்புவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. கையில் இளநீரோடு நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய இட்லி அடுப்பு அதைவிடக் குளிர்ச்சியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் கலைவாணி போன் பண்ணினாள். "எப்படிப் போச்சு?"

"பிரமாதம்! என்னைய சார்னாங்க."

"தனம் பேசினாளா?"

"அவ இளநீ எடுத்தாரப் போயிருந்தா."

லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். இல்லை, அவள்தான் கட் பண்ணியிருந்தாள்.

பக்கத்து வார்டு உறுப்பினர் ஜாபர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். இங்கே பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அதிகாரியை வரவேற்க அவர் செய்த ஏற்பாடு: ஒன்றுமில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி காலைக் கீழே வைத்தார். செருப்பு சேற்றுக்குள் போயிற்று. கால் மட்டும் திரும்பி வந்தது. என் எருமைகள் நாலும் பக்கத்தில் நின்று வரவேற்றிருக்கின்றன.

இரண்டு வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. அந்த வார்டுக்கு வடிகால் அனுமதி. எங்களுக்கு "முன்மாதிரித் தெரு" என்று ஒரு பாராட்டுச் சான்றிதழ்.

ஜாபர் பாய் ஒரு தூக்கு நிறையப் பிரியாணியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னா தம்பி, பேஜாரா உக்காந்துக்கினு இருக்க? நீ பண்ண உதவிய ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். நான் எருமைக்கு எங்க போவேன்? நீயே ஓட்டிக்கினு வந்து வுட்ட பாரு, அங்கதான் நீ நிக்கற!"

பிரியாணி நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். எனக்கு இறங்கவில்லை.

கலைவாணி சான்றிதழை இரண்டு தடவை படித்தாள். கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால்தான் ஆபத்து.

"தனத்துக்கு இப்ப நான் இன்னா பதில் சொல்றது?"

"தெரு பளிச்சுனு இருந்தா சந்தோஷப்பட்டு கையெழுத்து போட்டுடுவாங்கன்னு..."

"எட்டு மாசமா இல்ல இல்லன்னு எழுதினேங்க. நீங்க ஒரே நாள்ல எல்லாம் இருக்குதுன்னு சொல்லி அனுப்பிட்டீங்க." சான்றிதழை மடித்து வைத்தாள். "இந்த வார்டுக்குக் கவுன்சிலரு யாரு?"

"நீதான்."

"சத்தமா."

"நீதான்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். (கேட்டது. மறுநாள் டீக்கடையில் "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.)

ஐப்பசி மழை பிடித்தது. முதல் மழையிலேயே தனம் வீட்டுக்குள் தண்ணீர். கலைவாணி குடையோடு போய், தனம், அவள் வீட்டுக்காரர், இரண்டு பெண்கள், கிரைண்டர், இட்லிப் பானை என்று மொத்தத்தையும் எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். "தண்ணி வடியற வரைக்கும் கடை இங்கதான். மாவு இவரு ஆட்டுவாரு," என்று தீர்மானம் போட்டாள். எதிர்த்து ஓட்டுப் போட எனக்கு உரிமை இல்லை.

பதினோரு நாள். விடியற்காலை மாவு ஆட்டினேன். சட்னிக்கு மல்லாட்டை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) உரித்தேன். ஆறு வெள்ளைச் சட்டையில் நாலு, சாம்பார் நிறத்துக்கு மாறின. தனம் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அண்ணே, இன்னும் கொஞ்சம் நைசா" என்று மட்டும் அவ்வப்போது சொல்வாள். அதிலேயே எல்லாம் இருந்தது. அவளுடைய சின்னப் பெண், நனைந்துபோன பள்ளிக்கூட நோட்டுகளை எங்கள் மின்விசிறிக்குக் கீழே தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தாள். இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான்.

கலைவாணி அந்தப் பதினோரு நாளும் சும்மா இல்லை. தலைவியம்மாவைப் பிடித்து, விழுப்புரத்துக்கு நடையாக நடந்து, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அதே அதிகாரியை மறுபடியும் அழைத்து வந்துவிட்டாள். கோடு இல்லை, கம்பளம் இல்லை, பேனர் இல்லை. ஆழம் தெரிவதற்காகத் தனம் வீட்டு வாசலில் என்னை இறக்கி நிறுத்தியிருந்தாள். "நீங்க பேச வேணாம். நின்னா போதும்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சாக்கடையில் நின்றேன். நகர்மன்றப் பணியில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

அதிகாரி குடைக்குள்ளிருந்து என்னை உற்றுப் பார்த்தார். "சார், நீங்க... ஒரு சொட்டு நிக்காதுன்னு சொன்னவர்தானே?"

"ஆமாம் மேடம்."

"அப்ப இது இன்னா?"

கலைவாணி என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். தனம்தான் பதில் சொன்னாள்:

"அன்னிக்கு அவரு கவுன்சிலரா இருந்தாரு மேடம். இன்னிக்குத்தான் வார்டு ஜனமா நிக்கறாரு."

அதிகாரி சிரித்துவிட்டார். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தனத்தோடு வீட்டுக்குள் போனார். அரைமணி நேரம் அவள்தான் பேசினாள். இளநீர் எடுத்துவர யாரும் அவளை அனுப்பவில்லை.

அடுத்த பட்டியலில் எங்கள் தெருவுக்கு வடிகால் வந்தது. போன ஐப்பசியில் தனம் தரையிலேயே அடுப்பு மூட்டினாள். நான் உரக்கடைக்குத் திரும்பிவிட்டேன். விசிட்டிங் கார்டுகள் கடையில் கணக்கு எழுதப் பயன்படுகின்றன. பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

ஆனால் வீட்டில் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை. போன மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். டாக்டரிடம் கிளம்பினோம். நாலு பேர் வருகிற இடமாயிற்றே என்று முகச்சவரம் செய்து, தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கலைவாணி திரும்பிப் பார்த்தாள்.

"அந்த டப்பாவக் கீழ வைங்க. இப்படிப் பளபளன்னு போய் உக்காந்தீங்கன்னா, டாக்டரு உங்களுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டக் குடுத்துட்டு, பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கிறவருக்கு ஊசி போட்டு அனுப்பிடுவாரு."

டப்பாவைக் கீழே வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று தலையையும் கொஞ்சம் கலைத்துக்கொண்டேன்.